ஆர்பிஜி ஸ்டாட்ஸ் முழு வழிகாட்டி: அடுத்த பாயிண்டை எங்கே போடுவது?

புதிதாக ஒரு ஆர்பிஜி கேமை (ரோல் பிளேயிங் கேம், ஒரு கேரக்டராக மாறி ஆடுவது) தொடங்கினால், முதல் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்டாட்ஸ் என்ற பெயரில் ஆறேழு எண்கள் வந்து நிற்கும். ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, இன்டெலிஜென்ஸ், கூடவே பங்கிட்டுப் போடச் சொல்லிக் கொஞ்சம் பாயிண்ட்கள். கதையும் தெரியாது, எதிரியும் தெரியாது, ஆனால் முடிவை மட்டும் இப்போதே எடுத்தாக வேண்டும். சிலர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தூவிவிட்டு நகர்வார்கள். சிலர் யாரோ போட்ட பில்ட் (பாயிண்ட் பங்கீடு) வீடியோவை அப்படியே காப்பி அடிப்பார்கள். ரெண்டுமே தேவையில்லை. எந்த கேமாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனால் போதும்: இந்த ஸ்டாட்டில் அடுத்த ஒரு பாயிண்டைப் போட்டால் எனக்கு என்ன கிடைக்கும்?

அதற்கான பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

படி 1: எந்த எண்ணிலிருந்து எந்த எண் வருகிறது என்று பாருங்கள்

ஸ்டாட்ஸ் வழக்கம் 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டிலிருந்து வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. அதில் கேரக்டருக்கு ஆறு குணங்கள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் 3 முதல் 18 வரை ஓர் எண் கிடைக்கும். முழு 18 விழுவதற்கு 216-இல் ஒரு வாய்ப்புதான். விளையாடுகிறவருக்குக் கதவை உடைக்கும் பலம் வேண்டியதில்லை, அவருடைய கேரக்டருக்கு இருந்தால் போதும். அந்தப் பலம் எவ்வளவு என்று சொல்வதுதான் ஸ்டாட்டின் வேலை. வீடியோ கேமுக்கு வந்த பிறகும் அந்த வேலை மாறவில்லை.

ஆனால் நீங்கள் பாயிண்ட் போடும் ஸ்டாட் பெரும்பாலும் நேரடியாகச் சண்டைக்கு வருவதில்லை. அதிலிருந்து இன்னொரு எண் பிறக்கும், சண்டையில் பேசுவது அதுதான். 1997-இல் வந்த ஃபால்அவுட்டை எடுத்துக்கொள்வோம். அஜிலிட்டி (சுறுசுறுப்பு) எண்ணில் பாதியுடன் 5-ஐக் கூட்டினால் வருவது ஆக்‌ஷன் பாயிண்ட்; ஒரு சுற்றில் எத்தனை வேலை செய்யலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. பாதி என்பதில் பின்னம் வந்தால் தள்ளிவிடுவார்கள். ஆகவே அஜிலிட்டி 6 இருந்தாலும் 7 இருந்தாலும் ஆக்‌ஷன் பாயிண்ட் 8-தான். கையிலிருக்கும் 10 மில்லிமீட்டர் பிஸ்டலை ஒரு முறை சுட 5 செலவாகும். அஜிலிட்டி 8 என்றால் 9 ஆக்‌ஷன் பாயிண்ட், அதாவது ஒரு குண்டு. மீதி நாலில் கொஞ்சம் நகரலாம். அஜிலிட்டி 10 என்றால் 10 ஆக்‌ஷன் பாயிண்ட், ரெண்டு குண்டு. கூடுதலாகப் போட்டது ரெண்டே பாயிண்ட், டேமேஜ் இரட்டிப்பு. இதே ரெண்டு பாயிண்டை 6-லிருந்து 8-க்குப் போட்டிருந்தால் சுடும் எண்ணிக்கையில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது.

கேரக்டர் ஸ்கிரீனில் ஒரு ஸ்டாட்டை ஏற்றிப் பார்க்கும்போது, அந்த எண்ணை விட்டுவிட்டு வலப்பக்கமோ கீழேயோ வேறு எந்த எண் அசைகிறது என்று கவனியுங்கள். எதுவும் அசையவில்லை என்றால் அந்தப் பாயிண்ட் இப்போதைக்கு வெறும் அலங்காரம்.

படி 2: டேமேஜ் கணக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு அப்புறம் ‘ஆர்மர் போட்டும் ஏன் சாகிறேன்’ என்று கேட்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலான கேம்கள் மூன்று வகைக் கணக்குகளில் ஏதோ ஒன்றைத்தான் பயன்படுத்துகின்றன.

முதலாவது கழித்தல். அட்டாக்கிலிருந்து டிஃபென்ஸைக் கழித்தால் டேமேஜ். பழைய ஜப்பானிய ஆர்பிஜிகளில் இது சகஜம். உங்கள் அட்டாக் 50, எதிரியின் டிஃபென்ஸ் 40 என்றால் விழுவது 10. அட்டாக்கை 60 ஆக்கினால் விழுவது 20. ஸ்டாட் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது, அடி இரண்டு மடங்கு ஆனது. இதே எதிரியின் டிஃபென்ஸ் 49 ஆனால் நீங்கள் எத்தனை முறை அடித்தாலும் ஒவ்வொன்றாகத்தான் குறையும். கழித்தல் கணக்கில் ஒரு பக்கம் கொஞ்சம் முந்தினாலே ஆட்டம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் இங்கே அட்டாக், டிஃபென்ஸ் இரண்டும் தங்கம். பல சிறிய அடிகள் அடிக்கும் ஆயுதங்கள் இங்கே எடுபடாது. ஒவ்வொரு அடியிலும் டிஃபென்ஸ் தனித்தனியாகக் கழிந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது சதவீதம். ஆர்மரை, ஆர்மரும் 100-ம் கூட்டிய தொகையால் வகுத்தால் எத்தனை சதவீத அடி குறையும் என்று வரும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆர்பிஜி இல்லை என்றாலும் இந்தக் கணக்குக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அதுதான். ஆர்மர் 100 என்றால் 50 சதவீதம் குறையும், 200 என்றால் சுமார் 67, 300 என்றால் 75. பார்ப்பதற்குப் போகப் போகப் பயன் குறைவதுபோல இருக்கிறது, இல்லையா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 1000. ஆர்மர் 100 இருந்தால் உங்களைக் கொல்ல 2000 டேமேஜ் தேவை. 200 இருந்தால் 3000. 300 இருந்தால் 4000. ஒவ்வொரு 100 ஆர்மரும் அதே 1000-ஐத்தான் தருகிறது. ‘ஆர்மர் ஒரு அளவுக்கு மேல் வேஸ்ட்’ என்று சொல்பவர்கள் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

கேம் நேரடியாகவே சதவீதம் கொடுத்தால் கதை இன்னும் சுவாரசியம். பாத் ஆஃப் எக்ஸைலில் நெருப்பு, பனி, மின்னல் ரெசிஸ்டன்ஸுக்குச் சாதாரணமாக 75 சதவீதம் உச்சவரம்பு. 0-விலிருந்து 25-க்கு ஏறினால் 100 டேமேஜ் 75 ஆகிறது. 50-லிருந்து 75-க்கு ஏறினால் 50 டேமேஜ் 25 ஆகிறது, அதாவது பாதி. ரெண்டும் அதே 25 பாயிண்ட்தான். இந்த வகையில் பாதி வழியில் நிற்பது நஷ்டம், உச்சம் வரை போய்விடுவதே நல்லது.

மூன்றாவது, பகடை உருட்டி அடி பட்டதா இல்லையா என்று பார்ப்பது. பால்டர்ஸ் கேட் 3 இந்த வகை. இருபது முகப் பகடை உருள்கிறது, உங்கள் போனஸைக் கூட்டி எதிரியின் ஆர்மர் கிளாஸைத் தொட்டால் அடி விழும். ஆர்மர் கிளாஸ் 15, உங்கள் போனஸ் 5 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 55 சதவீதம். போனஸ் ஒன்று ஏறினால் 60. ஆக ஒவ்வொரு பிளஸ் ஒன்றும் 5 சதவீதப் புள்ளி. இதே இடத்தில் அட்வான்டேஜ் கிடைத்து ரெண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொண்டால் வாய்ப்பு 80-ஐத் தொடும். பல லெவல் காத்திருந்து ஸ்டாட் ஏற்றிக் கிடைப்பதைவிட, எதிரிக்குத் தெரியாமல் மறைந்திருந்து அடிப்பது அதிகம் தருகிறது. ஸ்டாட்டுக்கும் ஒரு எல்லை உண்டு என்று காட்டும் கேம்தான் எனக்குப் பிடிக்கும்.

படி 3: எந்த எண்ணில் வேகம் குறைகிறது என்று தேடுங்கள்

எல்டன் ரிங்கில் விகர் ஸ்டாட் ஹெச்பியைத் தருகிறது. விகர் 25-இல் 800 ஹெச்பி, 40-இல் 1450, 60-இல் 1900, 99-இல் 2100. இதை லெவல்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 25-லிருந்து 40 வரை ஒவ்வொரு பாயிண்டும் சுமார் 43 ஹெச்பி. 40-லிருந்து 60 வரை 22 சொச்சம். அதற்குப் பிறகு வெறும் 5. இப்படி வேகம் குறையும் இடத்தைத்தான் சாஃப்ட் கேப் என்கிறார்கள். இதில் இன்னொரு வலியும் உண்டு: லெவல் ஏற ஏற ஒவ்வொரு லெவலுக்குமான ரூன் (அந்த கேமின் காசு) விலையும் ஏறிக்கொண்டே போகும். அதிக விலை கொடுத்துக் குறைவாக வாங்குகிறீர்கள். ஆகவே 60 விகரைத் தொட்டதும் நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்புவதுதான் கெட்டிக்காரத்தனம். இன்னொரு பக்கம், 20 விகருடன் கேமின் பின்பாதிக்குள் நுழைந்துவிட்டு ‘பாஸ் ஒரே அடியில் கொல்கிறான்’ என்று புலம்புவதிலும் அர்த்தமில்லை.

சில கேம்களில் வளைவுக்குப் பதிலாகப் படிக்கட்டு. பால்டர்ஸ் கேட் 3-இல் ஸ்டாட்டிலிருந்து 10-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் போனஸ், பின்னம் வந்தால் கீழ்நோக்கி. 14-க்கும் பிளஸ் 2, 15-க்கும் பிளஸ் 2. ஒற்றைப்படை எண்ணில் நிறுத்துவது அடுத்த லெவலில் அதை இரட்டைப்படை ஆக்கும் திட்டம் இருந்தால் மட்டும் சரி.

எடைக்கும் இதே மாதிரி ஒரு கோடு உண்டு. எல்டன் ரிங்கில் நீங்கள் போட்டிருக்கும் கவசமும் ஆயுதமும் தாங்கும் எடையில் 70 சதவீதத்தைத் தொட்டால் உருள்வது கனத்துப் போகும், அடிகளைத் தவிர்ப்பது பாதி கஷ்டமாகும். 69.9-இல் இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த இடத்தில், தாங்கும் எடையைக் கூட்டும் என்டூரன்ஸில் போடும் ஒரே ஒரு பாயிண்ட், வேறு எதில் போடும் பத்தையும் விடப் பெரியது.

படி 4: பெருக்கமா, கூட்டலா?

ஒரே ஸ்டாட்டைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதைவிட, ஒன்றோடொன்று பெருகும் ரெண்டு ஸ்டாட்டைச் சமமாக ஏற்றுவது பெரும்பாலும் லாபம். கென்ஷின் இம்பாக்ட் விளையாடுபவர்களுக்கு இது மனப்பாடம். கிரிட் ரேட் எத்தனை முறை கிரிட் (வழக்கத்தைவிடப் பலமான அடி) விழும் என்பது, கிரிட் டேமேஜ் விழுந்தால் எவ்வளவு கூடும் என்பது. அங்கே ஆர்ட்டிஃபாக்ட்களில் (கேரக்டர் அணியும் பொருட்கள்) 1 சதவீத ரேட்டுக்கு ஈடாக 2 சதவீத டேமேஜ் கிடைக்கும். ரேட் 30, டேமேஜ் 140 என்றால் சராசரி அடி 1.42 மடங்கு. ரேட் 50, டேமேஜ் 100 என்றால் 1.5 மடங்கு. ரேட் 70, டேமேஜ் 60 என்றால் மறுபடியும் 1.42. செலவு மூன்றிலும் ஒன்றே. நடுவில் இருப்பது ஜெயிக்கிறது.

கூட்டலில் இதற்கு நேர்மாறு. ஏற்கெனவே பிளஸ் 200 சதவீத டேமேஜ் வைத்திருப்பவருக்கு இன்னொரு பிளஸ் 20 சதவீதம் கிடைத்தால், 3 மடங்கு 3.2 மடங்காகிறது. உண்மையான முன்னேற்றம் 7 சதவீதம்கூட இல்லை. எந்த வரியில் ‘கூடுதல்’ என்று போட்டிருக்கிறது, எது தனியாகப் பெருக்குகிறது என்று ஐட்டம் விவரத்தைப் படித்துப் பழகுங்கள்.

ஸ்பீடு இந்தக் கணக்கு எதிலும் அடங்காது. போக்கிமானில் கார்சாம்ப்பின் அடிப்படை ஸ்பீடு 102, சாலமென்ஸுக்கு 100. வெறும் ரெண்டு. ஆனால் மற்ற பயிற்சியெல்லாம் சமமாக இருந்தால் கார்சாம்ப்தான் ஒவ்வொரு முறையும் முதலில் அடிக்கும். அங்கே எவ்வளவு முந்தினீர்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. யாரை முந்த வேண்டுமோ அவரைவிட ஒன்று கூட இருந்தால் போதும், அதற்கு மேல் போட்டது வேறு எங்காவது போயிருக்க வேண்டியது.

படி 5: ஆயுதத்தைப் பார்த்து ஸ்டாட் போடுங்கள்

டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் வகைக் கேம்களில் ஆயுதத்தின் பக்கத்தில் எஸ், ஏ, பி, சி, டி, இ என்று எழுத்துகள் இருக்கும். உங்கள் ஸ்டாட்டில் எவ்வளவு பங்கு அந்த ஆயுதத்தின் டேமேஜுக்குப் போகிறது என்பதை அவை சொல்கின்றன. ஸ்ட்ரெங்த்துக்கு இ போட்ட கத்தியை வைத்துக்கொண்டு ஸ்ட்ரெங்த் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். தொடக்கத்தில் ஸ்டாட் ஏற்றுவதைவிட ஆயுதத்தை அப்கிரேட் செய்வதுதான் அதிகம் தரும் என்பதையும் மறக்க வேண்டாம். ரெண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும், எனவே 24 ஸ்ட்ரெங்த் கேட்கும் வாளுக்கு 16 போதும்.

படி 6: சண்டைக்கு வெளியே என்ன நடக்கிறது?

ஸ்டாட்ஸ் என்றாலே டேமேஜ் என்று நினைப்பவர்கள் ஆர்பிஜியின் பாதியைத் தவறவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நல்ல பாதியை.

ஃபால்அவுட்டில் இன்டெலிஜென்ஸை 4-க்குக் கீழே வைத்தால் உங்கள் கேரக்டரால் ஒரு வாக்கியம்கூட ஒழுங்காகப் பேச முடியாது. பாதி வேலைகளை யாரும் நம்பித் தரமாட்டார்கள். 1998-இல் வந்த ஃபால்அவுட் 2 இன்னும் ஒரு படி மேலே போனது. கிளாமத் ஊரில் டோர் என்றொருவன், அறிவு வளர்ச்சி குறைந்தவன். சாதாரண கேரக்டருக்கு அவன் பேச்சு உளறல். ஆனால் உங்கள் இன்டெலிஜென்ஸும் அடிமட்டத்தில் இருந்தால், இருவரும் படித்த கனவான்களைப் போல மிக நாகரிகமாக உரையாடுவார்கள்! குறைந்த எண்ணுக்குத் தனியாக ஒரு பரிசு. இப்படி எழுதியவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

2019-இல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் வழக்கமான சண்டை முறையே கிடையாது. இருபத்துநாலு ஸ்கில்களும் துப்பறிவாளரின் தலைக்குள் தனித்தனிக் குரல்களாகப் பேசும். எதை ஏற்றுகிறீர்களோ அது அதிகம் குறுக்கே வந்து பேசும், சில நேரம் தவறாகவும் வழிகாட்டும். உடல் வலுவைக் குறிக்கும் ஃபிசீக்கை 1-இல் விட்டுவிட்டால் ஆரம்ப அறையிலேயே, சீலிங் ஃபேனில் சுற்றிக்கொண்டிருக்கும் டையை எட்டிப் பிடிக்கப்போய் மாரடைப்பில் சாக வாய்ப்புண்டு.

இத்தகைய கேமில் கேட்க வேண்டியது கொஞ்சம் வேறு: இந்த ஸ்டாட் எத்தனை முறை கூப்பிடப்படும்? 1999-இன் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டில் விஸ்டமும் இன்டெலிஜென்ஸும் உரையாடலில் ஓயாமல் கேட்கப்படும், வாள் சுழற்றும் கேரக்டராக விளையாடினால் கதையின் பெரும்பகுதி மூடிய கதவாகவே நின்றுவிடும்.

படி 7: கேம் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

1987-இல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸியில் இன்டெலிஜென்ஸ் என்று ஒரு ஸ்டாட் இருக்கிறது. நிரலில் இருந்த பிழையால் அது மேஜிக்கின் பலத்தை மாற்றவே இல்லை. டார்க் சோல்ஸின் ரெசிஸ்டன்ஸ் வேலை செய்கிறது, ஆனால் அது தரும் சொற்பத்துக்காக ஒரு லெவலைச் செலவழிப்பது வீண் என்பதில் ஆடுபவர்களிடையே கருத்து வேறுபாடே கிடையாது. 2002-இன் மாரோவிண்டில் வாள் எதிரியின் உடலை ஊடுருவிப் போவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே ஓடும் பகடைக் கணக்கு ‘படவில்லை’ என்று சொல்லிவிடும். ஓடி ஓடிக் களைத்துப் போய் அடித்தால் வாய்ப்பு இன்னும் சரியும்.

சந்தேகம் வந்தால் சோதித்துவிடுங்கள். சேவ் செய்யுங்கள். அதே எதிரியை அதே ஆயுதத்தால் பத்து முறை அடித்துச் சராசரி எடுங்கள். ஒரே ஒரு ஸ்டாட்டை மட்டும் மாற்றிவிட்டு மறுபடியும் பத்து முறை. ரெண்டு ஸ்டாட்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன மாறியது என்று சொல்ல முடியாது.

உங்களோடு சேர்ந்து எதிரியும் வளரும் கேம்களில் இன்னும் உஷார் தேவை. 2006-இன் ஒப்ளிவியனில் பேச்சுத்திறன், வியாபாரம் போன்றவற்றை முக்கியத் திறன்களாகத் தேர்ந்தெடுத்து ஏற்றினாலும் லெவல் ஏறும், எதிரிகளும் ஏறுவார்கள். உங்கள் வாள்வீச்சு மட்டும் அங்கேயே நிற்கும்.

படி 8: ஒரு கேரக்டரை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

பால்டர்ஸ் கேட் 3, சார்சரர் (மந்திரவாதி). எல்லாம் 8-இல் தொடங்கும், 27 பாயிண்ட் கையில். 13 வரை ஒவ்வொரு படியும் ஒரு பாயிண்ட், 14-க்கும் 15-க்கும் ஏற ஒவ்வொரு படிக்கும் ரெண்டு. ஆக 15-க்கு மொத்தம் 9, 14-க்கு 7, 10-க்கு 2.

சார்சரரின் மேஜிக் கரிஸ்மாவிலிருந்து வருகிறது, எனவே அதற்கு 15, மேலே பிளஸ் 2 போனஸ்: 17. ஒற்றைப்படைதான், ஆனால் நாலாவது லெவலில் ஒன்றைச் சேர்த்து 18 ஆக்கிவிடலாம். அடுத்து கான்ஸ்டிடியூஷன் 15, பிளஸ் 1: 16. சூனியக்காரருக்கு உடல் வலு எதற்கு என்று தோன்றும். பிளஸ் 3 ஒவ்வொரு லெவலிலும் சேரும். 12-ஆவது லெவலில் சப்கிளாஸ் (உட்பிரிவு) போனஸ் இல்லாமலே 50 ஹெச்பிக்குப் பதில் 86. அதைவிட முக்கியம் கான்சென்ட்ரேஷன். ஹேஸ்ட் போன்ற ஸ்பெல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடிபட்டால், கான்ஸ்டிடியூஷனை வைத்துப் பகடை உருளும். முதல் லெவலில் இலக்கு 10 என்றால், 16 வைத்திருப்பவர் 80 சதவீதம் தப்புவார், 10 வைத்திருப்பவர் 65.

இதுவரை 18 பாயிண்ட் போயிற்று. டெக்ஸ்டெரிட்டி 14-க்கு 7. ஆர்மர் கிளாஸும் இனிஷியேட்டிவும் (சண்டையில் யார் முந்துவது) அதில் வருகின்றன. மீதி ரெண்டை விஸ்டமில் போட்டு 10 ஆக்கலாம். ஸ்ட்ரெங்த்தும் இன்டெலிஜென்ஸும் 8-இலேயே நிற்கட்டும். அதன் விலை தெரிந்திருக்க வேண்டும்: தாண்டும் தூரம் குறையும், தூக்கும் எடை குறையும், புத்தக அறிவு கேட்கும் இடங்களில் தோற்பீர்கள். அங்கெல்லாம் கூட்டாளிகளை அனுப்புங்கள். நாலு பேர் போகும் கேமில் நாலு பேருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. தனியாக ஆடும் கேமிலோ இந்த வசதி கிடையாது. அதற்காக வாளும் மேஜிக்கும் சமபங்கு என்று ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் ரெண்டும் நடுவழியில் கைவிடும். ஒன்றை முதல் சாஃப்ட் கேப் வரை கொண்டுபோய்விட்டு அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். டயப்ளோ 2 வந்தது 2000-இல், ரீஸ்பெக் (போட்ட பாயிண்டை மாற்றிப் போடும்) வசதி வந்தது 2010-இல். அதுவரை ஒரு பாயிண்ட் தப்பாகப் போட்டால் கேரக்டரையே தூக்கிப்போட வேண்டியதுதான். இன்று பால்டர்ஸ் கேட் 3-இல் முகாமில் நிற்கும் விதர்ஸிடம் 100 தங்கம் கொடுத்தால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி போடலாம். எல்டன் ரிங்கில் ரென்னாலா என்ற பாஸை வென்ற பிறகு, லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றுக்கு ஒரு முறை மாற்றலாம். லார்வல் டியர்கள் அளவாகத்தான் கிடைக்கும். வாளை முடிவு செய்த பிறகு செலவழியுங்கள்.